நொதியைக் கரைத்து ஊற்றுவதா, கட்டிப்போடுவதா?

உணவு ஆலையில் நொதியை (என்சைம்) வேலை வாங்க இரண்டு வழிகள். கரைசலாக ஊற்றிக் கலக்கி, வேலை முடிந்ததும் சூடாக்கி அடக்கிவிடலாம். அல்லது சிறு மணிகளின் மேல் பிணைத்து, உயரமான கலனில் நிரப்பி, அதன் வழியே திரவத்தை ஓடவிடலாம். பாடப்புத்தகத்தைப் படித்தால் இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றும். ஒரு தடவை வாங்கிய நொதி மாதக்கணக்கில் உழைக்கிறதே! 1969-லேயே ஜப்பானின் தனாபே செய்யாகு நிறுவனம் அமினோ அமிலத் தயாரிப்பில் இதை ஆலை அளவில் ஓட்டிக் காட்டிவிட்டது. அப்புறமும் உணவுத் துறையில் பெரும்பாலான நொதிகள் கரைசலாகவே போகின்றன.

ஏன் என்று பார்க்க, சோள மாவுச்சத்திலிருந்து பிரக்டோஸ் சிரப் எடுக்கும் ஆலையே போதும். அங்கே அடுத்தடுத்து மூன்று நொதிகள்.

முதலில் மாவுச்சத்தைத் துண்டுகளாக வெட்டும் ஆல்ஃபா அமைலேஸ். கொழகொழவென்ற கூழ், சுமார் 105 டிகிரி சூடு, பூதாகரமான மூலக்கூறுகள். மணியின் நுண்துளைக்குள் அவை நுழையவே முடியாது. இங்கே போட்டியே இல்லை, ஊற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது, அந்தத் துண்டுகளைக் குளுக்கோஸாக்கும் குளுக்கோஅமைலேஸ், 60 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வேலை. இதைக் கட்டிப்போட எத்தனையோ ஆய்வகங்கள் முயன்றன. சிக்கல் நுண்துளைக்குள் இருந்தது. உருவான குளுக்கோஸ் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்குகிறது; நொதியோ பின்னோக்கித் திரும்பி, இரண்டிரண்டாகச் சேர்த்து ஐசோமால்டோஸ் ஆக்கிவிடுகிறது. விளைச்சல் ஒரு சதவீதம் குறைந்தாலும் சிரப் ஆலைக்கு அது பெரிய அடி. நொதியும் மலிவு. அப்படியிருக்க மிச்சம் பிடித்து என்ன பயன்?

மூன்றாவதில் ஆட்டம் தலைகீழ். குளுக்கோஸைப் பிரக்டோஸாக மாற்றும் குளுக்கோஸ் ஐசோமரேஸுக்கு வருவது சின்ன மூலக்கூறு, அதுவும் வடிகட்டி நிறம் நீக்கிய தெளிவான பாகு. நொதியை நுண்ணுயிரின் செல்லுக்குள்ளிருந்து எடுக்க வேண்டும் என்பதால் செலவு அதிகம். தொட்டியில் ஊற்றி நெடுநேரம் சூட்டில் வைத்தால் பாகு பழுப்பேறும். கலன் வழியே விட்டால் சீக்கிரம் வெளியேறிவிடும். நொதி நாளாக நாளாகச் சோர்ந்துபோகும். அதற்கேற்ப ஓட்டத்தைக் குறைத்து, வெளிவரும் பாகில் பிரக்டோஸை 42 சதவீதத்தில் நிறுத்துகிறார்கள். புதுசும் பழசுமாகப் பல கலன்களைச் சேர்த்து ஓட்டுவதால் மொத்த உற்பத்தி ஆட்டம் காணாது. ஒரு வேடிக்கை: வழக்கமான ஆல்ஃபா அமைலேஸைத் தாங்கிப் பிடிக்கும் கால்சியம், ஐசோமரேஸுக்கு எதிரி. நடுவில் அதை நீக்கிவிட்டு மெக்னீசியம் சேர்க்க வேண்டும்.

லாக்டோஸ் எனும் பால் சர்க்கரையை நீக்கிய பாலுக்கு என் ஓட்டு கரைசலுக்குத்தான். பாலின் புரதமும் கொழுப்பும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், கிருமிகளும் குடியேறும். மாறாக, மீநுண் வடிகட்டியில் கிருமி நீக்கிய லாக்டேஸை (லாக்டோஸை வெட்டும் நொதி) பாலில் கொஞ்சமாகச் சேர்த்து மூடிவிட்டால், மீதி வேலை பால் பெட்டிக்குள்ளேயே சில நாளில் நடந்துவிடும்.

சரி, ஆய்வுக் கட்டுரைகளில் மட்டும் ஏன் கட்டிப்போட்ட லாக்டேஸ் அடிக்கடி ஜெயிக்கிறது? பல கட்டுரைகளில் சோதனைக்கு எடுப்பது பாலே அல்ல, ஓஎன்பிஜி என்ற செயற்கைச் சேர்மம். நொதி அதை வெட்டினால் மஞ்சள் நிறம் வரும், அளக்க எளிது. ஆனால் அதில் ஒட்டக் கொழுப்பும் இல்லை, புரதமும் இல்லை. ‘பத்து முறை பயன்படுத்தினோம்’ என்ற வரியைக் கண்டால் நான் முதலில் தேடுவது, அந்தப் பத்தில் நிஜப் பால் எத்தனை முறை ஓடியது என்பதைத்தான்.