வக்கீல் வைக்க வசதியில்லையா? ஊர்க் கோர்ட்டில் நேரில் பார்த்தது

இந்தத் தடவை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போன விடுமுறையில் பாதி கோர்ட் வளாகத்திலேயே போனது. பக்கத்து வீட்டு அக்காவின் மகனை அடிதடி வழக்கில் ரிமாண்டு செய்திருந்தார்கள். அக்கா நாலு வீட்டில் வேலை செய்து பிழைப்பவர். ஜாமீன் எடுக்கப் பெரிய தொகை ஆகும் என்று யாரோ சொன்னதை நம்பி, தோட்டை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். அரசாங்கச் செலவிலேயே வக்கீல் கிடைப்பார் என்று அவரிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாவட்ட நீதிமன்றத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவச சட்ட உதவி மையம் எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள். தாலுகா கோர்ட்டில் இதையே வட்ட சட்டப்பணிகள் குழு பார்க்கிறது. அக்காவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அங்கிருந்த சட்டத் தன்னார்வலர் பெண் கேட்டுக் கேட்டு மனுவை எழுதி, ஒருமுறை வாசித்தும் காட்டினார்.

"வருமானச் சர்டிபிகேட் எடுக்கலையேம்மா" என்று அக்கா பதறினார்.

"பையன் உள்ள இருக்கான்லக்கா, அதுவே போதும்."

1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. சிங்கப்பூரில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட 2022 டிசம்பரில் தொடங்கிய அரசுப் பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகம்கூடக் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் வழக்கை எடுக்கும். இந்த விஷயத்தில் நம் சட்டம் தாராளமானது.

குற்றவழக்குகளுக்கென்று சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். 2022-லிருந்து மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுவந்த ஏற்பாடு. முழுநேர வேலை, மாதச் சம்பளம். தனியாக வழக்கு எடுக்கக்கூடாது. அதனால் கட்சிக்காரரிடம் ஃபீஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்களுக்கு வந்த வக்கீலம்மா எஃப்.ஐ.ஆரை வரி வரியாகப் படித்தார். காயம்பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டாரா, பையன் மேல் பழைய வழக்கு உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கோர்ட் கட்டணம், நகல் செலவு எதுவும் அக்கா தலையில் விழவில்லை.

அலைச்சல் வந்தது ஜாமீன்தாரர் விஷயத்தில். வக்கீல் இலவசம்தான், ஆனால் வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட ஆள் வேண்டும். சொந்தக்காரர்கள் நழுவ, தெருக்காரர்கள்தான் வந்தார்கள். இந்த ஆட்களை முதல் நாளே தேடத் தொடங்குவது நல்லது.

இலவச வக்கீல் உண்டு என்பதை மாஜிஸ்திரேட்டே குற்றம் சாட்டப்பட்டவரிடம் சொல்ல வேண்டும், அவர் கேட்கவில்லை என்பதற்காக மறுக்கக்கூடாது என்று சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-லேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அங்கே சொன்னாலும், வெளியே நிற்கும் தாயின் காதுக்கு அது எட்டுவதில்லை. ரிமாண்டு அன்றே வீட்டு ஆட்கள் மையத்தில் மனு கொடுக்கலாம். உள்ளே இருப்பவர் சிறையில் இருக்கும் சட்ட உதவி மையம் வழியாகவும் கேட்கலாம்.

பையன் ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கு நடக்கிறது, வாய்தாவுக்கு அதே வக்கீலம்மாதான் ஆஜராகிறார். வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இப்படி ஒரு போன் வந்தால், பணம் அனுப்புவதற்கு முன்னால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அவர்களுக்குச் சொல்லுங்கள்.