துறைமுக நாளில் கப்பலை விட்டு இறங்காதவர்களுக்கு: சூட் வசதிகளும் காலியான டெக்கும்

ஏழு இரவுப் பயணம் என்றால் பெரும்பாலும் மூன்று, நான்கு துறைமுகங்கள் வரும். அதில் ஒன்றிலாவது இறங்காமல் கப்பலிலேயே தங்கிவிடுங்கள் என்பதுதான் சூட், அதாவது தனிச் சலுகைகளோடு வரும் பெரிய அறை, எடுக்கிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஐகான் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பலில் அறைக்கு இருவர் கணக்கில் 5,610 பயணிகள். எந்தத் துறைமுகமும் வராத கடல் நாளில் அத்தனை பேரும் அதே நீச்சல்குளம், அதே சறுக்கு, அதே லிஃப்ட். துறைமுகத்தில் கட்டிய மறு மணி நேரத்தில் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி கரையில் இருக்கும். நீங்கள் கொடுத்த சூட் கட்டணம் முழுசாக வேலை செய்வது அந்த நான்கைந்து மணி நேரத்தில்தான். ஆனால் அதே நேரத்தில் கப்பல் ஊழியர்களும் பாதிப்பேர் ஓய்வில் இருப்பார்கள், பல கதவுகள் மூடியிருக்கும். எது எப்போது திறந்திருக்கும் என்று முந்தின இரவே பார்த்து வைக்காதவர்களுக்கு இந்த நாள் சப்பென்று போய்விடும்.

எந்தத் துறைமுகத்தை விடுவது? ஏற்கெனவே பார்த்த ஊர், அல்லது ஊர் துறைமுகத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் இடம். ரோம் நகருக்கான துறைமுகம் சிவிட்டாவெக்கியா; அங்கிருந்து நகரத்துக்குச் சுமார் 70 கிலோமீட்டர். பாரிசுக்கு என்று சொல்லப்படும் லு ஆவ்ரிலிருந்து பாரிஸ் சுமார் 200 கிலோமீட்டர். ரோமையும் பாரிசையும் முன்பே பார்த்தவர்கள் பேருந்தில் அரை நாளைக் கழிக்கத் தேவையில்லை. கிராண்ட் கேமன், சாண்டோரினி மாதிரி கப்பல் கரையில் கட்டாமல் நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கும் டெண்டர் துறைமுகங்கள் வேறு வகை. சூட் பயணிகளுக்கு அங்கே முன்னுரிமைப் படகு உண்டு என்பதால் இறங்குவதற்கே அது நல்ல நாள். கப்பலில் தங்குவதற்கு அத்தனை நல்லதல்ல. படகு படகாகத்தான் கூட்டம் குறையும், டெக் காலியாகப் பகல் பதினொன்று ஆகிவிடும். கரையோரம் கட்டும் துறைமுகத்தில் ஒன்பதரைக்கே காலி.

முந்தின இரவு செய்ய வேண்டியவை அதிகமில்லை. கப்பல் நிறுவனத்தின் செயலியில் மறுநாள் நிகழ்ச்சி நிரலைத் திறந்து, சூட் உணவகம், சூட் பயணிகளுக்கான ஓய்வுக்கூடமான லவுஞ்ச், ஸ்பா, செயற்கை அலையில் சறுக்கும் அலைச்சறுக்கு நான்கின் நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றா என்று பாருங்கள். இடையில் ஒரு மணி நேரம் கரையில் நடந்துவிட்டு வர நினைத்தால் இது முக்கியம். கோசுமெல் போன்ற இடங்களில் இரண்டும் ஒரு மணி நேரம் வேறுபடுவது உண்டு. கைப்பேசி தானாகக் கரை நேரத்துக்கு மாறிக்கொள்ளும், கப்பல் உங்களுக்காக மாறாது. அடுத்து, அந்தத் துறைமுகத்தில் எல்லாப் பயணிகளும் குடியேற்ற அதிகாரிகள் முன் நேரில் போக வேண்டுமா என்று சூட் பயணிகளுக்கு உதவும் ஊழியரான கான்சியர்ஜிடம் கேளுங்கள். சில இடங்களில் கப்பலிலேயே தங்குகிறவர்களும் பாஸ்போர்ட்டுடன் வரிசையில் நின்றாக வேண்டும். அதை மறந்து தூங்கினால் ஒலிபெருக்கியில் உங்கள் பெயர் வரும்.

பட்லர் (அறைக்கான தனிப் பணியாளர்) உள்ள சூட் என்றால் கோரிக்கையை இரவே சொல்லிவிடுங்கள், அதுவும் நேரத்தோடு. “நாளைக்குக் காபி வேண்டும்” என்றால் அது எட்டு மணிக்கும் வரலாம், பத்துக்கும் வரலாம். “ஒன்பதே காலுக்குப் பால்கனி மேசையில் இரண்டு காபி, இஸ்திரி போட இரண்டு சட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு மணிக்குச் சூட் உணவகத்து மெனுவிலிருந்து மதிய உணவு அறைக்கு” என்று சொன்னால் மூன்றும் நடக்கும். பட்லர்கள் காலையும் மாலையும் எனப் பிரித்து வேலை செய்கிறவர்கள். மதிய உணவுக்குப் பிறகு மாலை வரை அவர்களுக்கு ஓய்வு. அந்த இடைவெளியில் அழைத்து, பதில் வரவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. பதினொரு மணிக்குள் சொல்லிவிட வேண்டும்.

காலையில் அவசரப்படாமல் இருப்பதே முதல் வேலை. கப்பல் கட்டிய முதல் ஒன்றரை மணி நேரம் லிஃப்டும் பஃபேயும் நெரிசலின் உச்சத்தில் இருக்கும். அறைக்குக் காலை உணவு வரவழைக்கக் கதவில் மாட்டும் சீட்டில் எல்லோரும் 7 முதல் 8 வரையான கட்டத்தைத்தான் குறிப்பார்கள். 9 முதல் 9.30 என்று குறித்தால் உணவு சூடாகவும் சொன்ன நேரத்திலும் வந்து சேர்கிறது.

பால்கனியைப் பொறுத்தவரை எந்தப் பக்கம் கரையை நோக்கிக் கட்டியிருக்கிறது என்பதே எல்லாம். கரைப் பக்கம் என்றால் சரக்கு ஏற்றும் ஃபோர்க்லிஃப்ட் சத்தம், டீசல் வாடை, எதிர்க் கப்பல் பால்கனியிலிருந்து பார்க்கும் கண்கள். எரிபொருள் நிரப்பும் நேரத்தில் புகைபிடிக்கத் தடை என்று அறிவிப்பும் வரும். கடல் பக்கம் என்றால் பகல் முழுக்க அமைதி. எந்தப் பக்கம் கட்டும் என்பது காற்றையும் துறைமுகத்தையும் பொறுத்து மாறும். முந்தின நாள் கான்சியர்ஜிடம் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

இனி டெக். இங்கே நிறையப் பேர் ஏமாறுவது வெயிலில். கடலில் போகும்போது கப்பல் ஏறத்தாழ 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மேல்தளத்தில் எந்நேரமும் வீசும் காற்றில் பெரும்பங்கு அந்த ஓட்டத்தால் வருவது. துறைமுகத்தில் கப்பல் நின்றதும் அந்தக் காற்றும் நின்றுவிடும். அதே சாய்வு நாற்காலி, அதே வெயில், ஆனால் தோல் இரண்டு மடங்கு எரிவதுபோல் இருக்கும், மரத்தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. சூட் பயணிகளுக்கான தனி டெக்கில் மெத்தைப் படுக்கைகளும் நிழற்கூடாரங்களும் இருக்கும். காலையில் கப்பலின் எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று பார்த்து அந்தப் பக்கமாக இடம் பிடியுங்கள். இன்னொன்று புகைபோக்கி. நின்றிருக்கும்போதும் மின்சாரத்துக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். காற்று அசையாத நாளில் கரித்துகள் பின்பக்க டெக்கில் இறங்கும். வெள்ளைத் துண்டில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் முன்பக்கம் மாறிவிடுங்கள். கரையிலிருந்தே மின்சாரம் எடுக்கும் வசதி உள்ள துறைமுகங்களில் இந்தத் தொல்லை குறைவு. பயணக் கப்பல்களுக்கு இதை முதலில் செய்த ஊர் அலாஸ்காவின் ஜூனோ, 2001இல்.

கப்பல் நின்றிருப்பதால் ஒரு பெரிய நன்மையும் உண்டு. நீச்சல்குளத்துத் தண்ணீர் ஆடாது. கடல் நாளில் கொஞ்சம் அலை இருந்தாலே குளத்துக்கு வலை கட்டிவிடுவார்கள். குழந்தைகளுக்கு நீச்சல் பழக்க நினைப்பவர்களுக்குத் துறைமுக நாளின் குளத்தை மிஞ்சியது இல்லை.

எங்கள் கணக்கில் இந்த நாளின் மிகப்பெரிய வரம் அலைச்சறுக்குதான். ராயல் கரீபியனின் பல கப்பல்களில் உள்ள ஃப்ளோரைடரைச் சொல்கிறோம். படுத்துச் சறுக்க 132 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், நின்று சறுக்க 147. முதலில் பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்து. அதைச் செயலியிலோ அங்கேயோ முன்பே முடித்துவிடலாம். கடல் நாளில் வரிசையில் அரை மணிக்கு மேல் நின்றால் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு, அதற்குள் விழுந்தால் மறுபடி வரிசையின் கடைசி. துறைமுக நாளில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். விழுந்து, மேலே ஏறி, இரண்டு நிமிடத்தில் மறுபடி தண்ணீரில். உடம்பு பழகுவது இந்த உடனடி மறுமுயற்சியில்தான். ஒரு முறை விழுந்ததன் காரணம் நினைவில் இருக்கும்போதே அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம்.

படுத்துச் சறுக்கும் பலகையில் பொதுவான தவறு, முழங்கையை அகட்டி வைத்துப் பலகையின் மூக்கை அழுத்துவது. மூக்கு தண்ணீருக்குள் போனதும் பலகை நின்றுவிடும், ஆள் சரிவின் உச்சிக்கு அடித்துச் செல்லப்படுவார். முன்விளிம்பை இரு கையாலும் பிடித்து லேசாகத் தூக்கியபடி, வயிற்றைப் பலகையின் பின்பாதியில் வையுங்கள். கீழே போக உடம்பைச் சற்று முன்னால் நகர்த்தவும், மேலே வரப் பின்னால். நின்று சறுக்குகிறவர்கள் பார்வையைக் காலில் வைக்காமல் நேரே தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் வைக்க வேண்டும், முழங்கால் மடிந்திருக்க வேண்டும், எடை பின்காலில் கூடுதலாக. முன்காலில் எடை போனால் அந்தக் கணமே விழுவீர்கள். தண்ணீரின் வேகத்தில் உடை நழுவும். ஆண்கள் கால்சட்டை நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டட்டும், பெண்கள் நீச்சலுடைக்கு மேல் இறுக்கமான முழுக்கை மேல்சட்டை போட்டால் கவலையில்லாமல் விழலாம். மோதிரம், கம்மல், கண்ணாடி எதுவும் கூடாது. பாறை ஏறும் சுவருக்கும், கம்பியில் தொங்கிச் சறுக்கும் ஜிப்லைனுக்கும் பாதம் மூடிய காலணி கட்டாயம், செருப்போடு போய் ஆறேழு தளம் இறங்கித் திரும்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: காலியான நாள் என்பதால் பராமரிப்பும் அன்றைக்குத்தான் வைப்பார்கள். அலைச்சறுக்கு காலையில் மூடி மதியம் மட்டும் திறக்கலாம், ஜிப்லைன் ஒரு நாள் முழுக்கவே இல்லாமல் போகலாம். ஊழியர்களுக்கான தீ, படகு ஒத்திகையும் துறைமுக நாளில்தான் நடக்கும். சர்வதேச விதிப்படி ஒவ்வொரு ஊழியரும் மாதம் ஒரு முறையாவது அதில் கலந்துகொள்ள வேண்டும். மணி நீளமாக அடிக்கும், தீக்கதவுகள் சாத்தப்படும், சில லிஃப்டுகள் நிற்கும், மதுக்கூடத்தில் ஊற்ற ஆள் இருக்காது. முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரை. பெரும்பாலும் பத்து, பத்தரைக்கு. அந்த நேரத்தைப் பால்கனிக்கு வைத்துக்கொண்டால் எதுவும் கெடாது.

ஸ்பாவில் துறைமுக நாள் தள்ளுபடி கிட்டத்தட்ட எல்லாக் கப்பலிலும் உண்டு. பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து நிமிடச் சிகிச்சைகள் இரண்டு மூன்றின் தொகுப்பு. ஒரே ஒரு மசாஜ் ஒழுங்காக வேண்டுமென்றால் “50 நிமிடத்துக்குத் துறைமுக நாள் விலை என்ன” என்று கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் குறைப்பார்கள். பில்லில் 18 முதல் 20 சதவீத டிப்ஸ் தானாகச் சேர்ந்திருக்கும். அதற்கு மேல் எழுதுவது உங்கள் விருப்பம். முடிவில் எண்ணெய், கிரீம் வாங்கச் சொல்லி ஒரு பேச்சு வரும். ஆரம்பத்திலேயே “பொருள் எதுவும் வேண்டாம்” என்று படிவத்தில் எழுதிவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் மசாஜாகவே கிடைக்கும். சூடான கல் படுக்கை, நீராவி அறை உள்ள தெர்மல் பகுதிக்குச் சில சூட்களில் அனுமதி இலவசம். எம்எஸ்சி நிறுவனத்தின் சூட் பகுதியான யாட் கிளப்பில் அது கட்டணத்திலேயே அடக்கம். நீராவியில் பத்து நிமிடம், குளிர்நீர்க் குளியல், கால்மணி ஓய்வு என்று இரண்டு சுற்று போதும். மது அருந்திவிட்டு உள்ளே போகாதீர்கள்.

கசினோவும் வரியில்லாக் கடைகளும் துறைமுகத்தில் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும், கப்பல் கடலுக்குள் போன பிறகே திறக்கும். பானத் தொகுப்பு எடுத்திருந்தாலும் சில துறைமுகங்களில் உள்ளூர் வரி தனியாகச் சேரும், சிறு தொகைதான்.

மதிய உணவுக்குப் பிரதான உணவகம் துறைமுக நாளில் பல கப்பல்களில் திறப்பதில்லை. சூட் உணவகங்களான ராயல் கரீபியனின் கோஸ்டல் கிச்சன், செலிபிரிட்டி நிறுவனத்தின் லூமினே, நார்வீஜியன் நிறுவனத்தின் ஹேவன் உணவகம் ஆகியவற்றின் அருமை தெரிவது அன்றைக்குத்தான். நேரம் மட்டும் குறுகியது. சில கப்பல்களில் ஒன்றரை மணிக்கே கடைசி ஆர்டர். அங்கே காலி மேசைகளும் அவசரமில்லாத சமையல்காரரும் இருப்பதால், மெனுவில் இல்லாததைக் கேட்கவும் இதுவே நேரம். சைவ உணவுக்காரர்கள் முந்தின இரவே சொல்லிவைத்தால் தனியாகச் சமைத்துத் தருவார்கள். அங்கே போய் நின்றுகொண்டு கேட்டால் சாலட்தான் வரும்.

மூன்று மணிக்கு மேல் கூட்டம் திரும்பத் தொடங்கும். நேரே பஃபேக்கும் குளத்துக்கும்தான் வருவார்கள். நீங்கள் அதற்கு முன்பே குளத்தை விட்டு எழுந்து சூட் லவுஞ்சுக்குப் போய்விடுங்கள். கப்பல் புறப்படுவதைப் பார்க்கத் தனி டெக்கின் கரைப் பக்க விளிம்பில் அரை மணி முன்பே நாற்காலி போட்டுக்கொள்ளலாம். கயிறுகளை அவிழ்ப்பதும், ஓட்டம் இல்லாமல் கப்பல் பக்கவாட்டில் கரையை விட்டு விலகுவதும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் உண்மையான சூட்டுக்குத்தான் பொருந்தும். பெயரில் சூட் இருந்தால் மட்டும் போதாது. ராயல் கரீபியனின் ஜூனியர் சூட், அதன் சூட் வகுப்புகளில் அடிமட்டமான ‘சீ’ வகுப்பில் வருகிறது. அதில் கோஸ்டல் கிச்சன் இரவு உணவுக்கு மட்டும், சூட் லவுஞ்சுக்கு அனுமதி கிடையாது. துறைமுக நாளைக் கப்பலில் கழிக்கும் எண்ணத்தில் பணம் கட்டுகிறவர்கள் லவுஞ்ச், மதிய உணவு, தனி டெக் மூன்றும் அந்த வகுப்பில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் நல்ல பால்கனி அறையை எடுத்து, மிச்சப் பணத்தில் ஸ்பாவின் தெர்மல் பகுதிக்கு முழுப் பயணச் சீட்டு வாங்குவதே மேல்.