ஓப்பலா, தலைகீழ் ஓப்பலா?

சுமார் 250 நானோமீட்டர் விட்டமுள்ள, ஒரே அளவான சிலிக்கா (மணலில் உள்ள சிலிக்கான் டை ஆக்சைடு) கோளங்கள் நீரில் மெல்லப் படிந்து அடுக்கினால் ஓப்பல். சாயமே இல்லாமல் நிறம் மின்னும். பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். செய்வதும் எளிது. நிறம் மட்டும் போதுமென்றால் இதற்கு மேல் போக வேண்டாம்.

ஆனால் 74 விழுக்காடு இடத்தைக் கோளங்களே அடைத்துக்கொள்கின்றன. தலைகீழ் ஓப்பலில் மீதி இடைவெளியை டைட்டானியாவாலோ (டைட்டானியம் டை ஆக்சைடு) சிலிக்கானாலோ நிரப்பி, கோளங்களை நீக்கிவிடுகிறார்கள்: பாலிஸ்டைரீன் நெகிழி என்றால் எரித்து, சிலிக்கா என்றால் கரைத்து. கோளங்கள் தொட்டுக்கொண்ட இடங்கள் சாளரங்களாகி, துளைக்குத் துளை வழி திறக்கிறது; திரவமும் வாயுவும் உள்ளே ஓடும். வினையூக்கிக்கும் உணரிக்கும் என் தேர்வு இதுதான். ஒளியியலிலும் இதன் கை ஓங்கியிருக்கிறது. 2000-இல் சிலிக்கானில் செய்த தலைகீழ் ஓப்பல், 1.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே பட்டை இடைவெளியை, அதாவது எல்லாத் திசையிலும் ஒளி தடுக்கப்படும் அலைநீள வரம்பைக் காட்டியது. சாதாரண ஓப்பலுக்கு அது எட்டாது. தலைகீழ் ஓப்பல், கோளங்களை எரிக்கும்போது சுருங்கி விரிசல் விடுவதே பெரிய தொல்லை.