டீனேஜ் ஃபேன்கிளப்பின் 4766 விநாடிகள்: 15 வருடம் தேய்த்த பிறகு

ஹிட் பாடல்களைத் தொகுத்துப் போட வேண்டுமென்றால் முதலில் ஹிட் அடித்திருக்க வேண்டும். டீனேஜ் ஃபேன்கிளப் என்ற ஸ்காட்லாந்து ராக் குழுவுக்கு அந்தக் கொடுப்பினை பெரிதாக வாய்க்கவில்லை. பிரிட்டனின் சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) விற்பனைப் பட்டியலில் அவர்கள் தொட்ட உச்சமே 17-ஆம் இடம்தான், 1997-இல் வந்த ‘எய்ன்ட் தட் இனஃப்’. அதனாலோ என்னவோ, 2003-இல் தொகுப்பு வெளியிட்டபோது ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்று அட்டையில் போடாமல், சி.டி. வட்டு ஓடும் நேரத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். ‘ஃபோர் தவுசண்ட் செவன் ஹண்ட்ரட் அண்ட் சிக்ஸ்டி சிக்ஸ் செகண்ட்ஸ்’. 21 பாடல்கள். கணக்குப் போட்டால் 79 நிமிடம் 26 விநாடி.

இதை நான் வாங்கியது 2009-இல், கிளாஸ்கோவில் படிக்க வந்த முதல் குளிர்காலத்தில். பயர்ஸ் ரோட்டில் பழைய பொருள் விற்கும் சாரிட்டி கடை ஒன்றில் 2 பவுண்டு. குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. உள்ளூர்க்காரர்கள், பக்கத்தில் பெல்ஸ்ஹில்லில் கிளம்பியவர்கள் என்று கடையில் இருந்த பாட்டியம்மா சொன்னார். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு வாங்கியதுதான்.

இவர்கள் வாசிப்பது பவர் பாப். அது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் விளக்கம் இது: கிட்டார் அண்டை வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவுக்குச் சத்தமாக இருக்கும், மெட்டு குளியலறையில் முணுமுணுக்கும் அளவுக்கு எளிதாக இருக்கும். இரண்டும் ஒரே பாட்டில். பீட்டில்ஸ், பேர்ட்ஸ், அப்புறம் மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் என்று போகும் பரம்பரை. இவர்கள் 1993-இல் போட்ட ஆல்பத்துக்கு ‘தர்ட்டீன்’ என்று பெயர் வைத்ததே ஒரு பிக் ஸ்டார் பாட்டை நினைத்துத்தான்.

முதல் பாட்டு ‘தி கான்செப்ட்’. 1991-இன் ‘பேண்ட்வாகனெஸ்க்’ ஆல்பத்தில் வந்தது. அந்த வருடம் அமெரிக்காவின் ஸ்பின் பத்திரிகை, நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’டைத் தாண்டி அந்த ஆல்பத்தை முதலிடத்தில் வைத்தது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பழைய ராக் இசைத்தட்டுகளாக வாங்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. பாதியில் முடிந்ததுபோல் நின்று, வேகம் குறைந்து, வார்த்தையே இல்லாமல் ‘ஆ... ஆ...’ என்று மூன்று நிமிடத்துக்கு மிதக்கும். முதல் தடவை வட்டு கோளாறு என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தேன். இப்போது அந்த இரண்டாம் பாதிக்காகத்தான் முதல் பாதியைக் கேட்கிறேன்.

சரி, பொருளின் உழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடியோ சி.டி. உள்பக்கத்தில் தொடங்கி வெளி ஓரத்தை நோக்கிப் படிக்கப்படும். 40 நிமிட வட்டென்றால் வெளிப்பக்கம் கணிசமாகக் காலியாக இருக்கும். விரல் ரேகை, கீறல் எல்லாம் அங்கே விழுந்தாலும் குற்றமில்லை. இவர்கள் கிட்டத்தட்ட விளிம்பு வரை நிரப்பிவிட்டார்கள். பிடிக்கிற இடமெல்லாம் பாட்டு. ஆக, முதலில் அடிவாங்கியது கடைசிப் பாட்டான ‘மை அப்டைட் லைஃப்’. என் பழைய காரின் பிளேயரில் நாலாம் வருடம் அது திக்க ஆரம்பித்தது. ஆறாம் வருடம் அதற்கு முந்தைய ‘பிளானட்ஸ்’ஸும் சேர்ந்துகொண்டது. ‘தி கான்செப்ட்’ இன்று வரை பிசிறில்லாமல் ஓடுகிறது.

காருக்கென்று ஒரு நகல் போடப் போனால் அது தனிக்கூத்து. 80 நிமிட வெற்று வட்டில் 4800 விநாடி பிடிக்கும். எழுதும் மென்பொருள் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே தானாக 2 விநாடி மௌனம் வைக்கும். 20 இடைவெளிக்கு 40 விநாடி. 4766-உம் 40-உம் 4806. ஆறே ஆறு விநாடிக்காக ‘இடம் போதாது’ என்று அடம்பிடித்தது. இடைவெளியை நீக்கிவிட்டு எழுதிய பிறகுதான் ஏறியது. பெயரில் எண்ணைப் போட்டவர்கள் விளையாட்டுக்குப் போடவில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

பாட்டுகளுக்கு வருகிறேன். இவை வருட வரிசையில் இல்லை. 1990-இன் முதல் சிங்கிளான ‘எவ்ரிதிங் ஃப்ளோஸ்’ நாலாவதாக வரும், அந்த வயதுக்கே உரிய இரைச்சலோடு. அதற்கு முன்னால் இருப்பது இந்தத் தொகுப்புக்காகவே சேர்த்த மூன்று புதுப்பாடல்களில் ஒன்று. ஆரம்பத்தில் இந்தக் கலவை எரிச்சலாக இருந்தது. ஒரு குழு எப்படி வளர்ந்தது என்று பார்க்கவிடாமல் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு மாதிரி. ஆனால் இரண்டு மூன்று வருடம் போனதும் வேறொன்று பிடிபட்டது. குழுவில் பாட்டெழுதிப் பாடுபவர்கள் மூன்று பேர்: நார்மன் பிளேக், ஜெரார்ட் லவ், ரேமண்ட் மெக்கின்லி. வரிசை அவர்களைத்தான் மாற்றி மாற்றி முன்னால் நிறுத்துகிறது. நார்மன் பாட்டு நேராக வந்து கைகுலுக்கும். ஜெரார்டின் மெட்டு எங்கேயோ ஜன்னல் திறந்த மாதிரி மேலே போகும். ‘ஸ்பார்க்கீஸ் ட்ரீம்’ கேளுங்கள், தெரியும். ரேமண்ட் அடக்கமானவர், ‘யுவர் லவ் இஸ் தி ப்ளேஸ் வேர் ஐ கம் ஃப்ரம்’ போன்ற அவர் பாட்டுகளை முதல் ஐந்து வருடம் நான் தாண்டித் தாண்டிப் போனேன். இப்போது அதுதான் இரவில் பாத்திரம் கழுவும்போது வேண்டியிருக்கிறது.

ஒருவர் முன்னால் பாடும்போது மற்ற இருவரும் பின்னால் குரல் சேர்ப்பார்கள். அதுதான் இந்தக் குழுவின் சொத்து. ‘ஐ டோன்ட் வான்ட் கண்ட்ரோல் ஆஃப் யூ’ முடியும் தறுவாயில் சுருதி ஒரு படி ஏறும். நூறு தடவை கேட்டும், வரப்போகிறது என்று தெரிந்தும், ஸ்டியரிங்கில் கை தாளம் போடும்.

‘வாட் யூ டூ டு மீ’ இரண்டே நிமிடம், கிட்டத்தட்ட ஒரே வரி. சலித்திருக்க வேண்டும், சலிக்கவில்லை. ‘ஹேங் ஆன்’ முரட்டு கிட்டாரில் தொடங்கி, கடைசியில் ஃப்ளூட்டும் வயலினுமாகக் கரைந்துபோகும். என் மகள் அதற்கு வைத்த பெயர் ‘புல்லாங்குழல் பாட்டு’. புல்லாங்குழல் வரும்வரை அவள் பொறுமையாக உட்கார்ந்திருப்பது மட்டும் நடக்காது.

புதுப்பாடல்கள் மூன்றும் மோசமில்லை. ஆனால் 15 வருடத்தில் அவற்றுக்காக மட்டும் வட்டைப் போட்டதில்லை. அந்த இடத்தில் ‘பேண்ட்வாகனெஸ்க்’கின் ‘ஆல்கஹாலிடே’யை வைத்திருக்கலாம். அது இல்லாதது எனக்கு இன்னும் பெரிய குறை. இடமில்லை என்று சொல்வார்கள். விநாடிக் கணக்கு தெரிந்த பிறகு மறுத்துப் பேசவும் முடியவில்லை.

இன்னொரு விஷயம், இது பாதி வரலாறுதான். இதற்குப் பிறகு 2005-இன் ‘மேன்-மேட்’ தொடங்கி 2023-இன் ‘நத்திங் லாஸ்ட்ஸ் ஃபாரெவர்’ வரை ஐந்து ஆல்பம் போட்டுவிட்டார்கள். முழுக் கதையும் வேண்டும் என்பவருக்கு இது போதாது.

எனக்கு இது போதுவதற்குக் காரணம் 2018. அந்த வருடம் அடுத்த சுற்றுப்பயணத் திட்டத்தில் உடன்பாடு வராமல் ஜெரார்ட் லவ் குழுவிலிருந்து விலகினார். அவர் எழுதிய பாட்டுகளை அதன்பிறகு அவர்கள் மேடையில் பாடுவதில்லை. ‘எய்ன்ட் தட் இனஃப்’, ‘ஸ்பார்க்கீஸ் ட்ரீம்’, ‘ஸ்டார் சைன்’, ‘டோன்ட் லுக் பேக்’ என்று அந்தப் பட்டியலைப் பார்த்தால் என்ன போயிற்று என்று புரியும். இன்றைக்கு அவர்கள் கச்சேரிக்குப் போனால் இந்த வட்டில் கேட்பதுபோல் மூன்று பேரும் முறைபோட்டுப் பாடுவதைக் கேட்க முடியாது. இதில் மட்டும் ஒருவர் முடிக்க அடுத்தவர் எடுத்துக்கொண்டே இருக்கிறார்.

கிளாஸ்கோவிலிருந்து எடின்பரோ போகும் வழிக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி. நெரிசல் இல்லாத நாளில் ‘ரேடியோ’ என்ற பாட்டு ஓடும்போது ஊர் வந்துவிடும். நெரிசல் என்றால் கடைசிப் பாட்டு வரை போகும்.

பழைய கடையில் கண்ணில் பட்டால் தயங்காமல் எடுங்கள். காசு கொடுக்கும் முன் வட்டை வெளிச்சத்தில் சாய்த்து, வெளி ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை.