லினக்ஸ் மின்டில் போட்டதை எடுப்பது: நீண்ட நாள் அனுபவம்

டியூஷன் வேலைக்காக கோலாலம்பூரின் கணினிக் கடைத்தொகுதியான லோயாட் பிளாசாவில் வாங்கிய பழைய மடிக்கணினி என்னுடையது. 128 ஜிபி எஸ்எஸ்டிதான். விண்டோஸை எடுத்துவிட்டு, லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான மின்ட் 21 போட்டேன், பிறகு 22-க்கு மாறினேன். மின்டைப் புகழ்ந்து எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதில் போட்ட நிரல்களை எடுப்பதைப் பற்றி மட்டும். இடமோ குறைவு. செந்தூலில் அடுத்த தெருவில் இருக்கும் அக்கா மகன் பள்ளி விடுமுறை வந்தால் விளையாட்டாக ஏற்றித் தள்ளுகிறவன். அதனால் இந்தக் கணினியில் எனக்கு நன்றாகப் பழகிய வேலை நீக்குவதுதான்.

“எடுத்துட்டேன் மாமா” என்பான். போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப் ஐகான் மட்டும் குப்பைத்தொட்டியில் கிடக்கும், நிரல் அப்படியே இருக்கும். லினக்ஸில் ஒரு நிரலின் கோப்புகள் ஒரே போல்டரில் இருப்பதில்லை. இயங்கும் கோப்பு ஓரிடம், நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி ஓரிடம், படங்களும் உதவிப் பக்கங்களும் வேறிடம். எது எதனுடையது என்ற கணக்கை, பேக்கேஜ்களைப் (நிரல் பொதிகளை) போட்டு எடுக்கும் டிபிகேஜி என்ற கருவி வைத்திருக்கிறது. கையால் தேடி அழித்தால் அந்தக் கணக்கு குழம்பிவிடும்.

புதியவர்களுக்கு நான் காட்டுவது மென்யுவைத்தான். நிரலின் பெயரில் ரைட் கிளிக் செய்து, அன்இன்ஸ்டால் என்பதை அழுத்தினால் போதும். கூடவே வேறென்ன போகும் என்று காட்டும், கடவுச்சொல் கேட்கும், வேலை முடிந்தது. கமாண்ட் அடிக்கும் டெர்மினலைத் தொடாமலே பல மாதம் ஓட்டலாம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நிரல்களைப் போட உதவும் மின்டின் சாப்ட்வேர் மேனேஜரில் ஒரே நிரல் இரண்டு வகையில் கிடைக்கும். ஒன்று ஏபிடி என்ற கருவி வழியாக வரும் சிஸ்டம் பேக்கேஜ், இன்னொன்று சிஸ்டத்தோடு கலக்காமல் தனியே நிற்கும் பிளாட்பேக். வந்த வழியாகத்தான் அனுப்ப வேண்டும். பிளாட்பேக்காக வந்த ஜிம்ப் என்ற படத்திருத்த நிரலை ‘ஏபிடி ரிமூவ்’ கண்டுகொள்ளாது. நீக்கிய பிறகும் மென்யுவில் ஜிம்ப் சிரித்துக்கொண்டு இருந்தால், இரண்டு வகையிலும் அது கணினியில் இருந்திருக்கிறது என்று பொருள். ‘பிளாட்பேக் லிஸ்ட்’ அடித்தால் தெரிந்துவிடும். இணையத்தில் இறக்கும் ஆப்இமேஜ் வகை மட்டும் முழு நிரலும் அடங்கிய தனிக் கோப்பு, அதை அழித்தாலே போதும்.

டெர்மினலில் நீக்குகிறவர்கள் நிதானிக்க வேண்டிய ஒரே இடம், சம்மதம் சொல்லும் ‘ஒய்’ அடிப்பதற்கு முன், என்னென்ன நீங்கும் என்று வரும் பட்டியல். 2021-இல் கனடாவின் பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸில், விளையாட்டுகளுக்கான ஸ்டீம் நிரலை நிறுவப் போனார். டெஸ்க்டாப்பே நீங்கப்போகிறது என்று ஏபிடி எச்சரித்தும், அது கேட்ட முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்தார். டெஸ்க்டாப் போனது. நீக்குவதே நோக்கமாக இருப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சின்ன நிரலை எடுக்கப் போய், பட்டியலில் சினமன் (மின்டின் டெஸ்க்டாப்), பைத்தான்3 (சிஸ்டம் கருவிகள் பலவற்றுக்குத் தேவையானது) என்று தெரிந்தால், வேண்டாம் என்பதற்கான ‘என்’ எழுத்தை உடனே அடித்துவிடுங்கள். பெயரில் மெட்டா என்று வரும் பேக்கேஜ் போவதால் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது, அதற்குள் நிரல் எதுவும் இல்லை, மற்ற பேக்கேஜ்களைக் கூட்டிவருவதுதான் அதன் வேலை. ஆனால் அது கூட்டிவந்தவை கேட்பாரற்றுப் போய், இனி தேவையில்லாதவற்றை எடுக்கும் ‘ஆட்டோரிமூவ்’ கமாண்டின் அடுத்த பட்டியலில் வந்து நிற்கலாம். சந்தேகம் இருந்தால் கமாண்டில் ‘மைனஸ் எஸ்’ சேருங்கள். ஒத்திகை மட்டும் நடக்கும், எதுவும் அழியாது.

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தமிழ்99 விசைப்பலகை ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜ் வழியாக வருகிறது. பெயரைப் பார்த்தால் ஏதோ வேண்டாத சாமான் போலத்தான் தோன்றும். அதை ‘ஏபிடி-மார்க் மேனுவல்’ கொடுத்துக் குறித்துவைத்தேன், ஆட்டோரிமூவ் இனி அதைக் கேட்காது.

ஏபிடியில் நீக்குவதற்கு உள்ள ‘ரிமூவ்’, ‘பர்ஜ்’ இரண்டில் எது என்று பலர் கேட்கிறார்கள். ரிமூவ், இடிசி போல்டரில் உள்ள அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். பர்ஜ் அவற்றையும் எடுக்கும். ஆனால் உங்கள் ஹோம் போல்டரில் புள்ளியோடு தொடங்கும் மறைந்த போல்டர்களை இரண்டுமே தொடாது. கன்ட்ரோல்+எச் அழுத்தினால் அவை தெரியும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இது வசதி. திரும்பப் போடும்போது பழைய அமைப்புகள் அப்படியே கிடைக்கின்றன.

இடத்தைப் பொறுத்தவரை, பர்ஜால் மிச்சமாவது பெரும்பாலும் கிலோபைட்தான். என் எஸ்எஸ்டியை விழுங்கியது, பிளாட்பேக் நிரல்கள் ஓடுவதற்குத் தேவையான பொதுக் கோப்புகளின் தொகுப்பான ரன்டைம். நிரலை எடுத்த பிறகும் அது தங்கிவிடுகிறது. ‘பிளாட்பேக் அன்இன்ஸ்டால்’ கமாண்டோடு ‘அன்யூஸ்டு’ சேர்த்து ஓட்டினால் சில சமயம் ஒரு ஜிபிக்கு மேல் திரும்பி வரும். அடுத்தது பழைய கெர்னல்கள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின் பழைய பதிப்புகள். அப்டேட் மேனேஜரின் வியூ மென்யுவில் லினக்ஸ் கெர்னல்ஸ் பகுதிக்குப் போய் எடுக்கலாம். முந்தையது ஒன்றையாவது விட்டுவையுங்கள், புதியது தகராறு செய்தால் அதில்தான் பூட் செய்ய வேண்டும். இவற்றுக்காகத் தனியாகக் கிளீனர் நிரல் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அக்கா வீட்டில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ், அங்கே ஸ்னாப் என்ற மூன்றாவது பேக்கேஜ் வகையும் சேர்ந்துகொள்கிறது. 2020-இல் வந்த மின்ட் 20 முதல் ஸ்னாப் தானாக நுழைய முடியாதபடி தடுத்திருப்பதால் எனக்கு அந்தப் பாடு இல்லை. ‘ஸ்னாப் ரிமூவ்’ கொடுத்தால் அது உங்கள் தரவை ஸ்னாப்ஷாட்டாக (நகலாக) எடுத்து 31 நாள் வைத்திருக்கும். நீக்கியும் இடம் கூடவில்லையே என்று அக்கா கேட்டதற்குக் காரணம் அதுதான். ‘ஸ்னாப் சேவ்டு’ அடித்தால் பட்டியல் வரும், எண்ணைப் பார்த்து ‘ஸ்னாப் ஃபர்கெட்’ கொடுத்தால் உடனே போய்விடும். தரவு வேண்டவே வேண்டாம் என்றால், நீக்கும்போதே ‘பர்ஜ்’ சேர்த்துவிடலாம்.