ஆடுவதெல்லாம் ஸ்விங் இல்லை

தமிழில் ஒரு ‘ஆடு’ போதும். ஊஞ்சல் ஆடும், தென்னை ஆடும், படகு ஆடும், ஸ்டூல் ஆடும், பிள்ளைக்குப் பால்பல் ஆடும். ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது. மொழிபெயர்ப்பில் நான் அதிகம் வழுக்கி விழுந்த இடமும் இதுதான். ஒரு கதையில் ‘மேஜை ஆடியது’ என்ற வரிக்கு ஸ்விங் என்று போட்டுவிட்டேன். திருத்தியவர், ‘மேஜையை எந்த உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார்.

அந்தக் கிண்டலிலேயே விடையும் இருந்தது. ஸ்விங் ஆக வேண்டுமென்றால் மேலேயோ பக்கத்திலோ ஒரு பிடிப்பு வேண்டும். மயிலாப்பூர்ப் பழைய வீட்டு ஊஞ்சலைப் பாருங்கள்: உத்தரத்தில் கொக்கி, அதில் பித்தளைச் சங்கிலி, கீழே பலகை. கீலில் நிற்கும் கதவும் அப்படித்தான் ஸ்விங் ஆகிறது. ஸ்வே இதற்கு நேர் எதிர். பிடிப்பு அடியில், ஆட்டம் தலையில். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்த அன்று எங்கள் தெருத் தென்னை செய்தது அது. எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்த வளைவு வரவில்லை, வேரோடு சாய்ந்தது.

ஸ்டூலுக்கு வாபிள். அடியே சரியில்லாத ஆட்டம், காகிதத்தை மடித்துக் காலடியில் செருகினால் நின்றுவிடும். பால்பல்லுக்கும் இதே சொல்தான். காசிமேட்டில் கட்டிப்போட்ட படகு பக்கவாட்டில் சாய்ந்தாடினால் ராக், எழுந்து எழுந்து அமிழ்ந்தால் பாப் (bob). தொட்டிலுக்கும் ராக் உண்டு. ஆனால் நம் புடவைத் தூளி தொங்குகிறதே, அது ஸ்விங் அல்லவா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். தூளி ஸ்விங் ஆகலாம், குழந்தையை ஆட்டித் தூங்க வைப்பது என்னவோ ராக்.

ஆசிலேட் கொஞ்சம் படித்த சொல். எங்கள் வீட்டில் ஏசி ரிமோட்டில் ஸ்விங் என்று போட்டிருக்கிறது, மேஜை விசிறி வந்த பெட்டியில் ஆசிலேஷன். செய்வது ஒரே வேலை, காற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அனுப்புவது! அளந்து சொல்லக்கூடிய, சீரான ஆட்டத்துக்கு ஆசிலேட் என்று வைத்துக்கொண்டால் தவறு வராது. ஆனால் அதன் பூர்விகம் ஆய்வுக்கூடம் இல்லை. ரோமானியர்கள் மதுக்கடவுளுக்காக மரங்களில் சின்னச் சின்ன முகமூடிகளைத் தொங்கவிட்டார்கள். காற்றில் ஆடிய அவற்றுக்கு ஆசில்லம் என்று பெயர். நம் ஊஞ்சலின் பழைய பெயரான ஊசலும் ‘தனி ஊசல்’ என்று இயற்பியல் பாடநூலில் போய் உட்காரவில்லையா?

மனம் ஊசலாடினால் வேசிலேட். அதில் லேசாக ஒரு குட்டு இருக்கிறது, ‘முடிவெடுக்கத் தெரியாதவர்’ என்று. தங்கம் விலைக்கும் கரண்டுக்கும் ஃப்ளக்சுவேட். லத்தீனில் அலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, நம் எலக்ட்ரீஷியன்கள் அதைத் தமிழாகவே ஆக்கிவிட்டார்கள்.

ஷட்டில் என்றால் சென்னையில் பாதிப் பேருக்கு பேட்மிண்டன்தான். அது முதலில் எறியும் ஈட்டிக்குப் பெயர். பிறகு தறியில் நூலோடு இங்கும் அங்கும் பாயும் நாடாவுக்கு வந்தது. 1733இல் ஜான் கே பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு இடங்களுக்கு நடுவே போய்ப் போய் வருவதெல்லாம் பிற்பாடு ஷட்டில் ஆனது. செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வந்து போகிறவரை நாம் ‘அப் அண்ட் டவுன் அடிக்கிறார்’ என்போம். அதை அப்படியே வெள்ளைக்காரரிடம் சொன்னால் அவருக்கு உடம்போ மனசோ சரியில்லை போல என்று நினைத்துக்கொள்வார்.

வைப்ரேட் சின்னதாக, வேகமாக. சட்டைப்பையில் போன் செய்வது. அதன் தம்பி வைப்ரன்ட் அசைவை விட்டுவிட்டு உயிரோட்டத்துக்குத் தாவிவிட்டான். இந்தத் தாவலைத் தமிழும் செய்திருக்கிறது: நாடித் துடிப்பு, துடிப்பான இளைஞர். துடியான சாமி என்றும் சொல்வோமே. ஆகவே துடிப்புக்கு வைப்ரன்ட் மிகப் பொருத்தமான ஜோடி. என் புகார் வேறு. பழைய மகாபலிபுரம் சாலையில் விற்கிற எல்லா அடுக்குமாடிகளும் வைப்ரன்ட் என்றே விளம்பரத்தில் வருகின்றன. கல்லூரிப் பிள்ளைகள் வைப்ரேஷனின் சுருக்கத்தை எடுத்து ‘செம வைப்’ என்கிறார்கள், அதில்தான் இப்போது உயிர் இருக்கிறது.

மற்றபடி, கல்யாண வீட்டுக் கலகலப்புக்கு லைவ்லி போதும். ரங்கநாதன் தெருவுக்கு அது போதாது, அங்கே பஸ்லிங். டீக்கடையில் சேப்பாக்கம் மேட்ச் பற்றிக் கையை வீசிப் பேசுகிறவர் அனிமேட்டட், டீ தீர்ந்ததும் தணிந்துவிடுவார். விவேஷியஸ் என்பதைப் பெரும்பாலும் பெண்களுக்கே சூட்டுகிறார்கள். ஆண் சிரித்துப் பேசினால் ஏன் அந்தச் சொல் வருவதில்லை என்று தெரியவில்லை. நான் அதைத் தொடுவதில்லை.

க்விக்கை விட்டுவிட்டேனே. இன்று வேகம் என்று பொருள், பழைய ஆங்கிலத்தில் ‘உயிரோடிருப்பது’. அந்தப் பழைய அர்த்தம் முழுக்கப் போய்விடவில்லை. நகத்தை ஒட்ட வெட்டும்போது சுரீரென்று ஓர் இடம் வலிக்கிறதே, அந்தச் சதைக்கு இன்றும் ஆங்கிலத்தில் க்விக் என்றுதான் பெயர்.