ஒரே 700 நோயாளிகள், எதிரெதிர் விடைகள்: எந்த ரெக்ரஷனை நம்புவது?

சிறுநீரகக் கல்லை எடுக்கும் வழிகளில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று, உடலைக் கிழித்துத் திறந்து எடுக்கும் பழைய அறுவை சிகிச்சை. இன்னொன்று, முதுகுப் பக்கம் சிறு துளை போட்டுக் குழாய் வழியாக எடுக்கும் பி.சி.என்.எல். இரண்டையும் ஒப்பிட்டு லண்டன் மருத்துவர்கள் 1986-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த இரண்டு முறைகளிலும் தலா 350 பேர். மூன்று மாதம் கழித்துக் கல்லே இல்லை, அல்லது 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த துகள்தான் மிச்சம் என்றால் அது வெற்றி.

முதலில் எண்கள்.

மொத்தம்: அறுவை 350-ல் 273 (78%), துளை முறை 350-ல் 289 (83%)
2 செ.மீ.க்குக் குறைந்த கல்: அறுவை 87-ல் 81 (93%), துளை முறை 270-ல் 234 (87%)
2 செ.மீ. அல்லது அதற்கு மேல்: அறுவை 263-ல் 192 (73%), துளை முறை 80-ல் 55 (69%)

மொத்தத்தில் துளை முறை முந்துகிறது. ஆனால் சிறிய கல்லிலும் அறுவைதான் மேல், பெரிய கல்லிலும் அறுவைதான் மேல். முதன்முதலில் பார்த்தபோது எங்கோ கூட்டல் தப்பு என்று நினைத்து, தாளை எடுத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன். தப்பே இல்லை.

இதே தரவில் இரண்டு ரெக்ரஷன்களை, அதாவது ஒவ்வொரு அம்சத்தோடும் விளைவு எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடும் கணக்குகளை, ஓட்டிப் பார்க்கலாம். முதலாவதில் சிகிச்சை மட்டுமே மாறி (கணக்கில் சேர்க்கும் அம்சம்). துளை முறையின் கெழு, அதாவது அறுவையோடு ஒப்பிட்டால் வெற்றி விகிதத்தில் வரும் வித்தியாசம், +4.6 சதவீதப் புள்ளி. இரண்டாவதில் கல்லின் அளவையும் ஒரு மாறியாகச் சேர்க்கிறோம். அதே கெழு −5.4 ஆகிவிடுகிறது. நோயாளிகள் அதே 700 பேர்தான், குறி மட்டும் தலைகீழ்.

இந்தப் பத்துப் புள்ளி எங்கே போனது? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரிய கல் என்றாலே, எந்தச் சிகிச்சை செய்தாலும், வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 19 புள்ளி குறைகிறது. அறுவைக்குப் போனவர்களில் 75 சதவீதம் பேருக்குப் பெரிய கல். துளை முறைக்குப் போனவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான். 52 புள்ளி வித்தியாசம். 19-ஐ 0.52-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 10 வரும். அளவை விட்டுவிட்ட ரெக்ரஷன் அந்தப் பத்தையும் துளை முறையின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறது. −5.4-உடன் 10 சேர்ந்தால் +4.6. கல்லின் அளவு சிகிச்சைத் தேர்விலும் கை வைக்கிறது, விளைவிலும் கை வைக்கிறது. கன்ஃபவுண்டர் என்று சொல்வது இதைத்தான். குறி திரும்ப வேண்டுமானால் அந்த இரட்டைத் தாக்கம் உண்மையான விளைவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இங்கே பத்துக்கு ஐந்து.

சரி, இரண்டில் எது? என் பதில் தயக்கமில்லாமல் இரண்டாவது. கல் சிறிதோ பெரிதோ, அந்த அளவு சிகிச்சைக்கு முன்பே உடம்புக்குள் இருந்தது. சிகிச்சை அதை உண்டாக்கவில்லை. முதல் எண்ணை மட்டும் நம்பி ஒருவருக்குப் பரிந்துரைத்தால், எளிதான நோயாளிகள் கிடைத்ததற்கான பாராட்டைச் சிகிச்சைக்குக் கொடுத்ததாக ஆகும்.

அப்படியானால் கையில் கிடைக்கும் மாறிகள் அத்தனையையும் உள்ளே போட்டுவிடலாமே என்று மூன்றாவது வழி ஒன்றைப் பலர் எடுக்கிறார்கள். மாறி கூடக் கூட விடை சுத்தமாகும் என்ற நம்பிக்கை. அது எனக்கு முதல் வழியைவிடவும் கவலை தருகிறது, ஏனென்றால் பார்வைக்கு அது கவனமான வேலையாகத் தெரிகிறது.

கலிபோர்னியாப் பிறப்புத் தரவை வைத்து யெருஷால்மி என்ற ஆய்வாளர் 1971-ல் எழுதியதைப் பாருங்கள். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குள் மட்டும் பார்த்தால், புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகளே குறைவாக இறந்தன. புகை காப்பாற்றியதா? இல்லை. பிறப்பு எடை என்பது புகைக்குப் பிறகு வருவது, புகையாலேயே குறைவது. புகைக்காத தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறந்தால், அதற்குப் பின்னால் பிறவிக் கோளாறு போன்ற இன்னும் மோசமான காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். எடையை நிலையாக வைத்து ஒப்பிடும்போது, புகைபிடிக்கும் தாயின் குழந்தையை அப்படி மோசமான காரணத்தால் எடை குறைந்த குழந்தையோடு ஒப்பிடுகிறோம். இங்கேயும் குறி திரும்புகிறது, ஆனால் இந்த முறை மாறியைச் சேர்த்ததுதான் ஏமாற்றியது.

கல்லின் அளவு, பிறப்பு எடை. கணினிக்கு இரண்டும் ஒரே மாதிரி நெடுவரிசைதான். ஆர்-ஸ்கொயர், பி-மதிப்பு என்று மென்பொருள் தரும் எந்த அளவுகோலும் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று சொல்லாது. அதைச் சொல்ல மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் போய் உட்கார வேண்டும். அப்புறம்தான் மென்பொருளைத் திறக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கல் விஷயத்தில் இரண்டாவது ரெக்ரஷன் பக்கம் நின்றாலும், அதன் −5.4-ஐ நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் திட்டப்பிழையே, அதாவது தற்செயலால் வரக்கூடிய ஏற்ற இறக்கத்தின் அளவே, சுமார் 3.3 புள்ளி. பூஜ்யமும் 95 சதவீத எல்லைக்குள் வந்துவிடுகிறது, அதாவது வித்தியாசமே இல்லை என்பதையும் தள்ளிவிட முடியாது. அதைவிட முக்கியமான ஒன்று: அறுவை சிகிச்சைகள் 1972 முதல் 1980 வரை நடந்தவை, துளை முறை 1980 முதல் 1985 வரை. இடைப்பட்ட காலத்தில் மயக்க மருந்து, ஸ்கேன், பராமரிப்பு எதுவும் மாறாமலா இருந்திருக்கும்? ஆண்டையும் ஒரு மாறியாகச் சேர்த்துப் பிரித்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு முறை முழுக்க முந்தைய காலத்தில், மற்றது முழுக்கப் பிந்தைய காலத்தில் என்று இருக்கும்போது, ஆண்டு எங்கே முடிகிறது, சிகிச்சை எங்கே தொடங்குகிறது என்று எந்த ரெக்ரஷனாலும் பிரிக்க முடியாது.